சுவரில் நான்கு இரும்பு வட்டங்கள்

அத்தியாயம் பதினேழு

திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மாநகராட்சி ஆட்கள் ஏணியோடு எங்கள் வாசலில் வந்து இறங்கியதையும், "வீட்டை இடிக்க வந்துட்டாங்கக்கா" என்று தம்பி ஸ்தனிஸ்லாஸ் கொல்லைப்புறம் ஓடி வந்ததையும் சென்ற வாரம் படித்தீர்கள். இடிக்க வரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த வாரம்தான் எங்களைச் சந்திக்கிறவர்களுக்காகக் கொஞ்சம். நான் சகாயம்மாள். எழுபத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தொரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தேன். பாலக்கரையில் எங்கள் அப்பா அடைக்கலம் கட்டிய மாடி வீட்டில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபோர்மேன். பங்குக் கோவில் சப்பரத்துக்கு இரும்பு அச்சு செய்து கொடுத்தவர் அவர்தான். அந்த மரியாதைக்காகச் சப்பரம் வருஷா வருஷம் எங்கள் வீட்டு முன்னால் நிற்கும். எங்கள் பால்கனியிலிருந்து முதல் பூ விழுந்த பிறகுதான் தெரு பூத் தூவும். அப்பா காலத்திலிருந்து ஒரு வருஷம்கூட இது தவறியதில்லை.

மாநகராட்சியின் உதவிப் பொறியாளர் ஒரு பெண். பெயர் தேவதர்ஷினி, ஸ்ரீரங்கத்துக்காரி. முப்பது வயது இருக்கலாம். வந்ததும் டேப்பை நீட்டி அளப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எதிர்ச்சாரி டீக்கடை ஓரமாகப் போய் நின்று, பத்து நிமிஷம் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட எங்கள் வீட்டில் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு வாசலில் ஷூவைக் கழற்றினாள்.

"போட்டுக்கிட்டே வாம்மா. வேலையா வந்திருக்கே."

"பரவாயில்லைங்கம்மா. சிமெண்ட் தரைன்னா போட்டுக்கிட்டே வந்திருப்பேன். இது ஆத்தங்குடிக் கல்லு."

எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. அதுதான் பின்னால் சங்கடமாகப் போயிற்று.

நகரில் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடங்களை எல்லாம் பார்க்கிறார்களாம். நிலம் நடுங்கினால் எது நிற்கும், எது சாயும், எதை எப்படிக் கட்டி நிறுத்தலாம் என்று வீட்டுக்கு ஒரு கோப்பு. இதை விளக்கிய ஆள் அவளோடு ஏணி தூக்கி வந்த பிச்சமுத்து. காக்கிச் சட்டை, நரைத்த மீசை.

"திருச்சிக்கு நடுக்கம் எங்கேங்க வருது?" என்று தம்பி கேட்டான்.

"நானும் அதைத்தாங்க கேட்டேன். மலைக்கோட்டை உக்காந்திருக்கிற ஊரு, அசையாதுன்னேன். மேடம் ஒரே வார்த்தையில என் வாயை மூடிட்டாங்க. மலைக்கோட்டை நிக்கும் அண்ணே, உங்க வீடு நிக்குமான்னாங்க."

தேவதர்ஷினி சிரிக்கவில்லை. "பெருசா வராதுன்னுதான் எல்லாரும் சொல்றோம். சின்னதா வந்தாக்கூடப் பழைய வீட்டுக்கு அது பெருசுதாங்க. வந்தப்புறம் பாத்துக்கலாம்னு இருக்க முடியாது இல்லையா?"

ஒரு சாவியால் சுவரின் காரையைச் சுரண்டி விரலில் தேய்த்துப் பார்த்தாள். மாடியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் சாய்வைப் பார்த்தாள். உத்தரம் சுவரில் ஏறும் இடத்தை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வீட்டுக்கு என்ன வயசுங்கம்மா?"

"எழுபத்தேழு. என்னைவிட ஆறு மூப்பு. என்னை மாதிரியே நேரா நிக்குது."

"ரெண்டுக்கும் குண்டு விட்டுப் பாத்துடலாங்களா?" என்றார் பிச்சமுத்து. நான் பார்த்த பார்வையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருப் பக்கம் போய்விட்டார்.

அங்கேதான் அவள் அந்த வட்டங்களைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டு முன்சுவரில், பால்கனிக்கு மேலே, சோற்றுத் தட்டு அளவில் நான்கு இரும்பு வட்டங்கள் வரிசையாக இருக்கும். நடுவில் ஒரு பெரிய நட்டு. பின்சுவரிலும் அதே போல நான்கு. தெருப் பிள்ளைகள் அதை வீட்டின் சட்டைப் பொத்தான் என்பார்கள்.

"அண்ணே, இங்க வாங்க! டை ராடு!" புதையலைக் கண்டவள் மாதிரி கூவினாள். "யாரு கட்டினதுங்கம்மா இந்த வீட்டை?"

"எங்கப்பா."

"இந்த வார்டுல நூத்துப் பதினாலு வீடு பாத்துட்டோம். இது ஒண்ணுலதான் இருக்கு. முன்சுவத்துல இருந்து பின்சுவர் வரைக்கும் ஹாலுக்கு மேல இரும்புத் தண்டு போகும். ஆட்டம் வந்தா ரெண்டு சுவரும் ஆளுக்கொரு பக்கம் போகப் பாக்கும். இந்தத் தண்டு போக விடாது. இப்ப நாங்க எல்லா வீட்டுலயும் போடச் சொல்லிக் கெஞ்சிக்கிட்டு இருக்கிறதை உங்கப்பா அப்பவே போட்டிருக்காரு!"

பெருமையில் என் முதுகு இன்னும் நிமிர்ந்தது. அடுத்த நொடி அதே முதுகில் வியர்த்தது.

பிச்சமுத்து ஏணியில் ஏறி வட்டங்களைச் சுத்தியால் தட்டினார். முதல் மூன்றும் டொக்கென்றன. நான்காவது, மாடிப்படிப் பக்கம் இருப்பது, கணீரென்றது.

அது எப்படி ஒலித்தது என்று எனக்கு விளங்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை.

"இறுக்கமா இருந்தா கணீர்னு கேக்கும். மூணு தளர்ந்திருக்குப் போல" என்றாள் தேவதர்ஷினி. உள்ளே வந்து ஹாலின் பொய்க்கூரையை அண்ணாந்து பார்த்தாள். "மேல பலகை அடிச்சிருக்கீங்க. உள்ள தண்டு இருக்குல்லங்கம்மா?"

"இருக்கு" என்றேன்.

இல்லை. எனக்குத்தான் தெரியும்.

1986இல் தம்பி கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் வருவதற்கு முன் ஹாலைப் புதுசாக்கினேன். எங்கள் மாதாகோவில் தெருவில் எல்லா வீட்டிலும் ஹாலில் சரவிளக்கு தொங்கியது. எங்கள் ஹாலில் மட்டும் தலைக்கு மேல் நான்கு இரும்புத் தண்டுகள், கூட்ஸ் ஷெட் மாதிரி. சம்பந்தி வீட்டார் அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிடுவார்களே என்று எனக்கு அவமானமாக இருந்தது. அப்பா கண் ஆபரேஷனுக்காகப் பத்து நாள் ரயில்வே ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்தப் பத்து நாளில் ஆள் வைத்து நான்கு தண்டுகளையும் நடுவில் அறுக்கச் சொன்னேன். "பலகை மறைச்சிடும், முனையெல்லாம் சுவத்துலயே இருக்கட்டும்" என்று அந்த ஆளிடம் சொல்லிவிட்டு வேலைக்கு வண்டி ஏறினேன். திரும்பி வந்தபோது பலகை அடித்து, சரவிளக்கு மாட்டி, எல்லாம் முடிந்திருந்தது.

அப்பா ஒரு கண்ணில் கட்டோடு வீடு வந்து மேலே பார்த்தார். "நல்லாருக்கும்மா" என்றார். அதற்குப் பிறகு ஏழு வருஷம் உயிரோடு இருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"பலகையைப் பிரிச்சு ஒரு தடவை பாத்துடணும்" என்றாள் தேவதர்ஷினி.

"திருவிழாவுக்கு வெள்ளை அடிச்சு முடிச்சிருக்கோம். அடைக்கலம் வீட்டு வார்த்தை போதாதா உனக்கு?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு ஒரு தாளை எடுத்தாள். "தண்டு முழுசா இருக்குன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா, திருவிழா முடிஞ்சதும் வந்து பிரிச்சுப் பாக்கலாங்கம்மா. அதுவரைக்கும் வீடு பத்திரம்னு பச்சை அட்டை. இன்னொண்ணு கேக்கட்டுங்களா? மத்த வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வந்து காட்ட ஒரு வீடு தேடிக்கிட்டு இருந்தோம். இந்த வீட்டை முன்மாதிரின்னு ரிப்போர்ட்ல எழுதிக்கலாமா?"

எழுதிக்கொள்ளச் சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். ஸ்ரீரங்கத்தில் மாநகராட்சியின் பழைய பள்ளிக்கூடத்தில் வேலை நடக்கிறது, அதை முடித்துவிட்டு மாலையில் எல்லாத் தாள்களையும் ஆபீசில் சேர்த்துவிடுவேன் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மத்தியானம் வீடே திருவிழாவாகிவிட்டது. தம்பி போனில் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, மன்னார்புரத்துல இருந்து மட்டும் பதினோரு பேர் வராங்களாம். பால்கனியில இந்தத் தடவை நாப்பது பேருக்குக் குறையாது. கவர்மெண்டே சர்டிபிகேட் குடுத்த வீடு!"

தம்பி மகன் பிரவீன்ராஜ் கைலாசபுரத்தில் வேலை முடிந்து சீரியல் லைட்டோடு வந்திருந்தான். "இந்த வருஷம் முதல் பூ பிரான்சி போடட்டும் அத்தை. அவளுக்கும் ஏழு வயசாச்சு."

பிரான்சி அவன் மகள். ஏற்கெனவே பால்கனியில் நின்று பேப்பரைக் கிழித்துத் தூவிப் பழகிக்கொண்டிருந்தாள். கீழே எங்கள் பால்கனி நிழலில் பூக்கடை போட்டிருக்கும் மாரியாயியின் தலையிலும் கூடையிலும் பேப்பர் துண்டுகள் விழுந்தன. இருபது வருஷமாக அதே இடத்தில் உட்கார்ந்து தொடுக்கிறாள்.

"ஏ கழுதை, மல்லிப்பூவோட பேப்பரையும் சேத்துத் தொடுத்துருவேன்!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பெரியக்கா, நம்ம வீடு நல்லாருக்குன்னு ஆபீசரம்மாவே சொல்லிட்டாங்களாமே. எனக்கு ஒரு பயம்தான் இருந்துச்சு. சாரல்ல அந்த மூலையில காரை விழும். இனிமே கவலை இல்ல. நிம்மதியா உக்காருவேன்."

நான் உள்ளே வந்தேன். சேலையை மாற்றினேன். குடையை எடுத்தேன்.

"எங்கேக்கா கிளம்பிட்டே, வெயில்ல?"

"ஸ்ரீரங்கம்."

"ஸ்ரீரங்கத்துல நமக்கு யாரு இருக்கா?"

டவுன் பஸ் ஏறினேன்.

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. டிக்கெட் இல்லாதவன் முகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் சொல்லுவேன். அவன் ஜன்னல் வழியாக ரொம்ப அக்கறையாக வெளியே பார்ப்பான். ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்த நான், சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டேன்.

உத்தர வீதியை ஒட்டிய சந்தில் அந்தப் பள்ளிக்கூடம். ஊர்க்காரர்களிடம் வீட்டைப் பலப்படுத்தச் சொல்வதற்கு முன்னால் மாநகராட்சி தன் பழைய கட்டடங்களில் கை வைத்திருக்கிறது என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிள்ளைகளைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஜன்னல்களுக்கு மேலே சுவரைச் சுற்றி இடுப்புக்கயிறு கட்டின மாதிரி கம்பிவலை அடித்துப் பூசியிருந்தார்கள். மூலைக்கு மூலை தையல் போட்டதுபோல் இரும்பு. ஒட்டி வைத்த வேலை எதுவும் இல்லை. பழைய சுவரின் அழகு ஒரு இடத்திலும் கெடவில்லை.

தேவதர்ஷினி சாரத்தின் மேலே நின்றாள். புதிய வட்டத் தகடு ஒன்றில் இரண்டு பேர் ஆளுயர ஸ்பேனரைப் போட்டு நட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் தகட்டில் காதை வைத்துக்கொண்டு, "இன்னும் கால் சுத்து... போதும், போதும்!" என்றாள். முகமெல்லாம் சுண்ணாம்பு. யாரும் கைதட்டவில்லை. அடுத்த தகட்டுக்கு நகர்ந்தாள். நிலம் நடுங்காமலே போனால் இந்த வேலை ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்தும் அவள் கால் சுற்றுக்காகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் அப்பாவும் அப்படித்தான் இரும்பில் காதை வைத்துக் கேட்பார்.

என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தாள். "என்னங்கம்மா, இவ்வளவு தூரம்? போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே!"

"போன்ல சொல்ற விஷயம் இல்லம்மா. காலையில உங்கிட்டப் பொய் சொன்னேன். உள்ள தண்டு இல்ல. நான்தான் அறுக்கச் சொன்னேன். எங்கப்பாவுக்குத் தெரியாம."

சாரத்தின் மேலிருந்த ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். முப்பத்தொரு வருஷத்தில், கேட்பதற்கு முன்னால் எழுந்து நின்று டிக்கெட் இல்லை என்று சொன்னவர்கள் இரண்டே பேர். அவர்களுக்கும் நான் அபராதம் போட்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

"எத்தனை தண்டும்மா?"

"நாலும்."

"நாலுமா? ஒண்ணு கணீர்னுச்சே."

"அது எப்படின்னு எனக்குத் தெரியல."

"அப்ப தெரியலைன்னே எழுதுங்க. தெரியாததையும் எழுதணும்." பையிலிருந்து நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்தாள். கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். "ஆபீஸ் தாளைக் கிழிக்கக் கூடாதுங்கம்மா. பின்பக்கம் எழுதுங்க. ரெண்டு பக்கமும் கோப்புல இருக்கட்டும்."

பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்ததும் ஒரு வரி விடாமல் படித்தாள்.

"முன்மாதிரி வீடுன்னு எழுதினதை எடுத்துடறேன்."

"எடுத்துடு."

"பால்கனியில இன்னையில இருந்து யாரும் ஏறக் கூடாது. கீழயும் யாரும் நிக்கக் கூடாது. முன்சுவத்தைப் பிடிச்சுக்க ஆள் இல்லாம அது தனியா நிக்குது. புதுத் தண்டு செஞ்சு போட மூணு வாரம் ஆகும்."

"திருவிழாவுக்கு?"

"முடியாதுங்கம்மா." இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "சப்பரத்தை இருபதடி தள்ளி நிறுத்தச் சொல்லி நானே பங்குச் சாமியார்கிட்டப் பேசறேன். காரணம் கேட்டா மாநகராட்சி உத்தரவுன்னு சொல்லிக்கிறேன்."

"வேண்டாம். காரணம் நான்னு சொல்லு."

ஜீப்பிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

தெரு முனையிலிருந்தே தெரிந்தது. பால்கனியில் சீரியல் லைட் எரிந்துகொண்டிருந்தது. தம்பி, தம்பி மனைவி, பிரவீன்ராஜ், பிரான்சி, மன்னார்புரத்திலிருந்து முன்கூட்டியே வந்துவிட்ட இரண்டு பேர். கீழே மாரியாயி.

நான் நடுத்தெருவில் நின்றேன்.

"எல்லாரும் கீழ இறங்குங்க. மாரியாயி, கூடையை எடுத்துக்கிட்டு எதிர்ச்சாரிக்குப் போ. இப்பவே."

"என்னக்கா ஆச்சு?" என்றான் தம்பி.

"இறங்கி வா, சொல்றேன்."

டீக்கடையில் பாதித் தெரு நின்றது. மெதுவாகச் சொன்னால் பாதிதான் உண்மை என்று தோன்றியது. உரக்கவே சொன்னேன். கல்யாணம், ஆஸ்பத்திரி, அறுத்தது, காலையில் போட்ட கையெழுத்து. ஒன்றையும் விடவில்லை.

"தெருவுல வெச்சா இதையெல்லாம் பேசுறே?" தம்பியின் முகம் சிவந்தது. "நாப்பது வருஷம் கழிச்சு என் கல்யாணத்தைக் குத்தம் சொல்றியா?"

"உன் கல்யாணத்தை இல்ல. என்னைச் சொல்றேன்."

"எழுபது வருஷ மரியாதைக்கா! இனிமே எவன் நம்மளை மதிப்பான்?"

அப்போது மாரியாயிதான் பேசினாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்ச்சாரியிலிருந்து சொன்னாள். "ஏங்கய்யா கத்துறீங்க? அந்தச் சுவரு விழுந்தா முதல்ல போறது நான்தானே? எனக்காகத் தெருவுல நின்னு தன் மானத்தை விட்டாங்களே பெரியக்கா. திருவிழா அன்னிக்கு முதல் பூவை என் கடையில இருந்து போடச் சொல்லுங்க. இந்தப் பக்கம் எந்தச் சுவரும் இல்ல."

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். பிரான்சி, "நான் மாரியாயி ஆயா கடையில நின்னு போடறேன்" என்று உடனே அங்கே ஓடிவிட்டாள். தம்பி மட்டும் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டான்.

பிச்சமுத்து ஹாலில் ஏணி போட்டு ஏறினார். எனக்குத் தெரிந்து நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பலகை பிரிந்தது. தூசி கொட்டியது. அவர் தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்தார்.

"மேடம், முதல் தண்டு அறுத்திருக்கு. ரெண்டாவதும்தான். மூணாவதும்..." டார்ச்சை இன்னும் உள்ளே நீட்டினார். "நாலாவது அறுத்து, மறுபடி சேத்திருக்குங்க."

"என்ன அண்ணே சொல்றீங்க?"

"நடுவுல மரை வெட்டின இரும்புக் குழாய் போட்டு ரெண்டு துண்டையும் சேத்து இறுக்கியிருக்கு. பட்டறையில கடைஞ்ச சாமான். என்ன வேலைங்க இது! இன்னைக்கும் அசையல."

தேவதர்ஷினி தானே ஏறிப் பார்த்தாள். இறங்கி வந்து என்னைப் பார்த்தபோது அவள் கண் பளபளத்தது. "நாலையும் சேக்க நினைச்சிருக்காருங்கம்மா. மத்த மூணுலயும் மரை மட்டும் வெட்டி வெச்சிருக்கு. ஒண்ணோட நின்னு போச்சு."

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணில் கட்டோடு மேலே பார்த்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. நான் ரயிலில் போன நாட்களில், அவர் இழைத்துக் கட்டியதை நான் அறுத்துப் போட்டதை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். எழுபது வயதில்.

"அந்தத் தண்டு என்ன எடை இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒரு ஆளால ஆகாதுங்க" என்றார் பிச்சமுத்து மேலிருந்தபடியே. "ஒருத்தர் அந்த முனையைத் தூக்கிப் பிடிச்சாத்தான் இந்த முனையில மரை ஏறும். கூட இன்னொரு ஆள் கண்டிப்பா இருந்திருக்கணும்."

அந்த ஏழு வருஷமும் இந்த வீட்டில் அப்பாவோடு இருந்த ஆம்பிளை ஒருவன்தான்.

நான் திரும்பினேன். ஸ்தனிஸ்லாஸ் ஜன்னலோரம் நின்று, தெருவில் அப்படி என்ன இருக்கிறதோ, ரொம்ப அக்கறையாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பத்தொரு வருஷம் பார்த்த முகம் அது.

பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினேன்.

"தம்பி," என்றேன், "டிக்கெட்டை எடு."